ஒரு பெட்டி, பல சர்வர்: ஈ10கே டொமைன் கேள்வி பதில்

சன் நிறுவனத்தின் பெரிய யூனிக்ஸ் சர்வர் என்டர்பிரைஸ் 10000, சுருக்கமாக ஈ10கே, செல்லமாக ஸ்டார்ஃபயர். இந்த ஒரே பெட்டியைப் பல தனி சர்வர்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு டொமைன். பல வருடம் இதோடு மாரடித்தவன் நான். கேளுங்கள்.

கே: அண்ணா, டொமைன் என்பது டிஸ்க் பார்ட்டிஷன் மாதிரிதானே?
இல்லை.

கே: அப்படியென்றால் எதைத்தான் பிரிக்கிறோம்?
போர்டுகளை. 1997-ல் வந்த இந்த மிஷினில் 16 சிஸ்டம் போர்டு வரை போடலாம். ஒரு போர்டில் 4 சிபியூ வரை, கூடவே அதன் மெமரி, ஐ/ஓ. எந்தப் போர்டுகள் சேர்ந்து ஒரு டொமைன் என்பதை எஸ்எஸ்பி என்ற தனி வொர்க்ஸ்டேஷனில் உட்கார்ந்து சொல்வோம். அப்புறம் அந்தப் போர்டுகள் தங்களுக்குள் மட்டும்தான் பேசும். ஒரு டொமைனில் சன்னின் ஓஎஸ்ஸான சோலாரிஸ் 2.6, இன்னொன்றில் சோலாரிஸ் 8 ஓடலாம். ஒன்றின் ஓஎஸ் பேனிக் ஆகிக் கவிழ்ந்தால் மற்றது பாட்டுக்கு ஓடும்.

ஒரு எச்சரிக்கை: எஸ்எஸ்பியில் எதை அடிக்கும் முன்பும் எந்த டொமைன் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு நிறுவனத்தில் ராத்திரி 2 மணிக்கு டெஸ்ட் டொமைன் என்று நினைத்து, டொமைனை பூட் செய்யும் 'பிரிங்அப்' கட்டளையைக் கொடுத்தேன். எழுந்தது ப்ரொடக்‌ஷன். காலை வரை விளக்கம் சொன்னேன்.

கே: ஒரே பெட்டியில் இரண்டு டொமைன் போட்டு, ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும்படி கிளஸ்டர் செய்யலாமா?
செய்யலாம், நம்பாதீர்கள். எல்லாப் போர்டையும் இணைக்கும் சென்டர்பிளேன் ஒன்றுதான். அறை இரண்டானாலும் கூரை ஒன்று.

கே: ஓடும்போதே போர்டைக் கழற்றலாமா?
கெர்னல் மெமரியை ஓரிடத்தில் அடைத்து வைக்கும் கெர்னல் கேஜை முன்பே இயக்கியிருந்தால். இல்லாவிட்டால் கெர்னல் மெமரி எல்லாப் போர்டிலும் சிதறிக் கிடக்கும், எதையும் விடாது. கேஜ் இருக்கும் போர்டையே கழற்றினால், அதை இடம் மாற்றும் நேரம் ஓஎஸ் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். டிரைவர் ஒத்துழைக்காவிட்டால் அதுவும் நடக்காது.

கே: ஐபிஎம் சர்வரைப் பிரிக்கும் எல்பாரும் (LPAR) இதேதான். சன் ஆட்கள் அலட்டுகிறீர்கள்.
எல்பாரில் நடுவே ஹைப்பர்வைசர் என்ற சாஃப்ட்வேர் உட்கார்ந்து பிரிக்கிறது. இங்கே பிரிப்பது ஹார்ட்வேர். எச்பியின் சூப்பர்டோம் சர்வரில் உள்ள 'என்பார்' (nPar) பிரிவுதான் எங்களுக்கு உறவு. அங்கே போர்டுக்குப் பதில் 'செல்' (cell).

கே: ஆரக்கிள் லைசென்ஸில் எல்பாரையும் ஹார்ட் பார்ட்டிஷன் என்றுதானே சேர்த்திருக்கிறார்கள்?
அது எத்தனை சிபியூவுக்குக் காசு என்ற கணக்கு. பந்தியில் இலை எண்ணுகிறவரிடம் சுவர் செங்கல்லா பலகையா என்று கேட்பீர்களா?

கே: வேலை நடந்தால் எந்தச் சுவராக இருந்தால் என்ன?
ஹைப்பர்வைசரே கவிழ்ந்தால் எல்லா எல்பாரும் சேர்ந்து படுக்கும். அதுதான் என்ன. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்: 2004-ல் வந்த ஐபிஎம்மின் பவர்5 ஒரு சிபியூவில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பிரித்துக் கொடுத்தது. எங்களுக்கோ குறைந்தது ஒரு முழுப் போர்டு. சின்ன டெஸ்ட் சர்வருக்கு அதைக் கொடுக்கும்போது வயிறு எரியும்.

கே: விஎம்வேரும் இதேதானே?
மேலே ஹைப்பர்வைசர் என்று எழுதியதைப் படியுங்கள்.

கே: சார், இரண்டு டொமைனை வைத்து கிளஸ்டர்…
கூரை ஒன்று, சார்.