டைனோவில் டியூனிங்: பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: என் தந்தையார் வைத்திருந்த பிரீமியர் பத்மினி காரை மீண்டும் ஓட்டும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஊருக்குள் நன்றாக ஓடுகிறது. திருமங்கலம் சாலையில் வேகமெடுத்தால் திணறுகிறது. கொடைக்கானல் ஏறும்போது பெட்ரோல் வாடையும் கரும்புகையும் வருகின்றன. எங்கள் மெக்கானிக் காதால் கேட்டே டைமிங் வைக்கிறார். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் டைனோவில் ஏற்றிச் சரிசெய்ய ₹15,000 கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
— வாசகர், பழங்காநத்தம்

பதில்: கொடுக்கலாம். ஆனால் காரை அங்கே கொண்டுபோவதற்கு முன் மதுரையிலேயே முடித்துவிட வேண்டிய வேலைகள் உள்ளன.

டைனோ என்பது தரையில் பதித்த இரும்பு உருளைகள். உங்கள் காரின் பின்சக்கரங்களை அவற்றின்மேல் நிறுத்தி, வண்டியைப் பட்டைகளால் இறுகக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓட்டுவார்கள். உங்கள் மெக்கானிக்கின் காதை நான் குறைவாக மதிப்பிடவில்லை. ஆனால் அந்தக் காது கேட்பது பாரமில்லாமல் நிற்கும் எஞ்சினை, உங்கள் கார் திணறுவதோ பாரம் ஏறும்போது. ஓடும் காரின் பானட்டுக்குள் யாரும் தலையை நீட்ட முடியாது என்பதால்தான் சாலையையே பட்டறைக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். முழு ஆக்ஸிலரேட்டரில் நல்ல இழுவைக்கு 12.5 முதல் 13 வரை போதும். புகைக்குழாயில் பொருத்தும் ஆக்ஸிஜன் சென்சார் இந்த விகிதத்தை நொடிக்கு நொடி காட்டும். பத்மினி தயாரான காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு கிடையாது. எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும் என்பதால், 20 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குத் தேவைப்படும் காற்று ஏறத்தாழ 13.5 பங்காகக் குறைகிறது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைக்கு ஜெட் என்று பெயர். பழைய ஜெட்டோ பழைய அளவில்தான் விடுகிறது. ஆகவே கலவை லீனாகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாமல் போகிறது. சமவெளியில் உங்கள் கார் திணறுவதற்கு இதுவும் காரணமாக இருக்கக்கூடும்.

மலையில் நிலைமை நேர்மாறானது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், அதே கார்புரேட்டர் அங்கே கலவையை ரிச்சாக்கி, அதாவது பெட்ரோலை மிகுதியாக்கிப் புகை கக்குகிறது. ஒரே ஜெட்டில் இரண்டையும் தீர்த்துத் தருவதாக எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். பெரும்பாலும் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதைச் சொல்லி, அதற்கேற்ப வைக்கச் சொல்லுங்கள்.

இக்னிஷனில்தான் டைனோ கேட்கும் பணத்துக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது என்பது என் கருத்து. பிஸ்டன் மேலே வருவதற்குச் சில டிகிரி முன்பே பொறி விழ வேண்டும். டைமிங் என்பது இதுதான். வேகம் ஏற ஏற அது இன்னும் முந்த வேண்டும். பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரம் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு எடைகளும் ஸ்பிரிங்குகளும் இதைப் பார்த்துக்கொள்கின்றன. பல ஆண்டு ஓடிய ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், ஐடிலிங்கில் மிகச் சரியாக இருக்கும் டைமிங் நடுவேகத்தில் அளவுக்கு மீறி முந்திவிடும். உருளையின்மேல் எஞ்சினை ஒரே வேகத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, இழுவை கூடும்வரை ஒவ்வொரு டிகிரியாக முன்னகர்த்தி, கூடுவது நின்ற இடத்திலோ நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பதால் எழும் தட்டல் ஓசை) கேட்ட இடத்துக்குச் சற்றுப் பின்னாலோ நிறுத்துவதே சரியான முறை. இதற்கு உருளையில் பிரேக் பாரம் தரும் டைனோ வேண்டும். உருளையைச் சுழலவிட்டு அளக்கும் வகையில் இது இயலாது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

இனி மதுரையில் முடிக்க வேண்டியவை. வால்வு இடைவெளி, கம்ப்ரஷன், பாயிண்ட், பிளக், மேனிஃபோல்டில் காற்றுக் கசிவு எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். வெடிப்பு விழுந்த டயரோடு உருளையில் ஏறுவது ஆபத்து. கார்புரேட்டரைத் திறந்து, பித்தளை ஜெட்டின் தலையில் பொறித்த எண்ணைப் பாருங்கள். 125 என்றால் துளை 1.25 மில்லிமீட்டர். அடைப்பு எடுக்கிறேன் என்று யாராவது எப்போதோ கம்பி விட்டுக் குடைந்திருந்தால் துளை பெரிதாகியிருக்கும், எண் மட்டும் அப்படியே இருக்கும். சந்தேகம் இருந்தால் புது ஜெட் வாங்கிவிடுங்கள்.

பணம் கொடுக்குமுன், டியூனிங்குக்கு முன்னும் பின்னும் அதே உருளையில் அதே நாளில் எடுத்த இரண்டு வரைபடங்களைக் காற்று-எரிபொருள் கோட்டுடன் அச்சிட்டு வாங்குங்கள். மாற்றிய ஜெட்டுகளின் எண்ணையும் டைமிங் டிகிரியையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். சக்கரத்தில் அளக்கும் திறன் எஞ்சின் திறனைவிடக் குறைவாகவே இருக்கும். அதற்காக வருந்த வேண்டியதில்லை.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டர்போ பெட்ரோல் கார். மடிக்கணினியை இணைத்து 30 விழுக்காடு திறன் கூட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா?
— வாசகி, ஒத்தக்கடை

பதில்: உத்தரவாதக் காலம் முடியும்வரை வேண்டாம். எஞ்சினிலோ கியர்பாக்ஸிலோ பிறகு பழுது வந்தால், நிறுவனம் இலவசப் பழுதுபார்ப்பை மறுக்க நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும். கூடும் பாரத்தைக் கிளட்ச்சும் தாங்க வேண்டும்.

கேள்வி: டைனோ டியூனிங் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். அதன்பின் மேட்டில் நாக்கிங் வருகிறது, எஞ்சின் சூடாகிறது. வரைபடம் கேட்டால் தர மறுக்கிறார்கள்.
— வாசகர், மேலூர்

பதில்: இது சேவைக் குறைபாடு. முதலில், எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்பே, வேறொரு மெக்கானிக்கிடம் டைமிங்கை அளந்து எழுத்தில் வாங்குங்கள். பிளக்குகளைக் கழற்றி அவற்றின் நுனியைப் படமெடுத்து வையுங்கள். பிறகு பில் நகலுடன் பட்டறைக்கு ஸ்பீடு போஸ்டில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம்; நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டதானால் கட்டணம் இல்லை. அதுவரை காரை ஓட்டாதீர்கள்; நாக்கிங்கோடு ஓட்டிப் பிஸ்டன் போய்விட்டால், அவர்கள் செய்த பிழை எது, பின்னால் நேர்ந்தது எது என்று பிரித்துக் காட்டுவது கடினமாகிவிடும்.