குழந்தைகளின் மார்பு எக்ஸ்ரே ரிப்பீட் ஆவது பற்றி

தக்கலையில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருப்பதாகவும், குழந்தைகளின் மார்புப் படம் அடிக்கடி ரிப்பீட் ஆவதால் மெஷினை மாற்றச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மெஷினை இப்போதைக்கு விடுங்கள். ரிப்பீட் ஆன படங்களை அழிக்காமல் ஒரு மாதம் சேர்த்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் வயதும் காரணமும் எழுதுங்கள்: அசைவா, உடம்பு திரும்பிவிட்டதா, மூச்சை வெளியே விட்ட நேரமா, நுரையீரல் ஓரம் வெட்டுப்பட்டதா. மொத்தம் எடுத்த படங்களின் எண்ணிக்கையும் வேண்டும். அது இல்லாமல் விகிதம் கிடைக்காது.

அசைவுதான் அதிகம் என்றால் எம்ஏவை (எக்ஸ்ரே குழாயில் ஓடும் மின்னோட்டத்தை) கூட்டி, கதிர் பாயும் நேரத்தைக் குறையுங்கள். இரண்டையும் பெருக்கினால் வரும் அளவு மாறாதவரை குழந்தைக்குப் போகும் கதிர்வீச்சு டோஸ் ஏறாது. அழுகிற பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு எழும்பும், அப்போது எக்ஸ்போஷர் பட்டனை அழுத்துங்கள். பிடித்துக்கொள்ள, கர்ப்பமில்லாத பெற்றோர் ஒருவர் ஈய ஏப்ரனோடு நிற்கட்டும். தினமும் நீங்களே பிடிப்பது உங்களுக்குத்தான் கேடு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி எண்ணிப் பாருங்கள். டிஜிட்டலில் டோஸ் கூடினாலும் படம் அழகாகவே வரும், அதனால் எக்ஸ்போஷர் இண்டெக்ஸையும் (டிடெக்டருக்கு எவ்வளவு கதிர் வந்தது என்று மெஷின் காட்டும் எண்) குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், கட்டுரையாக வெளியிடும் எண்ணம் இருந்தால் தொடங்குமுன்பே நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் கதிரியக்கத் துறையினரிடம் பேசிப் பாருங்கள்.