பிட்ஸ்பர்க் இசை வகுப்புக்கு ஹெயின்ஸ் அறக்கட்டளையிடம் நிதி கேட்பது குறித்து

வணக்கம். பிட்ஸ்பர்க் நகரின் ஹோம்வுட் பகுதிக் குழந்தைகளுக்குப் பள்ளி முடிந்தபின் இலவச இசை வகுப்பு நடத்திவரும் நீங்கள், ஹெயின்ஸ் அறக்கட்டளைக்கு அனுப்பிய கோரிக்கை ஏன் ஏற்கப்படவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். "அமெரிக்கா முழுவதும் இசைக்கல்வியைப் பரப்புவது எங்கள் நோக்கம்" என்ற உங்கள் முதல் வரியே தடையாக இருந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. 1941-இல் ஹவர்ட் ஹெயின்ஸின் உயிலின் வழியே தொடங்கிய அந்த நிதியம், பிட்ஸ்பர்க்கையும் தென்மேற்குப் பென்சில்வேனியாவையுமே முதன்மையாகக் கருதுகிறது. ஆகவே எந்தத் தெரு, எந்தப் பள்ளி, எத்தனை குழந்தைகள், வகுப்பு முடிந்து அவர்கள் எப்படி வீடு திரும்புகிறார்கள் என்பதிலிருந்தே தொடங்குங்கள். உங்கள் பணியின் உண்மையான வலிமை அங்கேதான் இருக்கிறது.

அடுத்த கடிதத்துக்கு முன், தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் வரித்துறைக்கு அளிக்கும் 990-பிஎஃப் படிவத்தை அவசியம் படியுங்கள். அது எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கக்கூடிய பொது ஆவணம். நிதி பெற்ற ஒவ்வோர் அமைப்பின் பெயர், முகவரி, நோக்கம், தொகை ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். உங்களைப் போன்ற சிறிய கலை அமைப்புகளுக்கு வழக்கமாக எவ்வளவு கிடைத்திருக்கிறது என்று பார்த்து, அதை ஒட்டியே தொகையைக் கேளுங்கள்.

501(சி)(3) தகுதி, அதாவது அமெரிக்க வரித்துறை தொண்டு அமைப்புகளுக்கு அளிக்கும் வரிவிலக்குத் தகுதி, இன்னும் வரவில்லை என்கிறீர்கள். அதற்காகக் காத்திராமல், அத்தகுதி பெற்ற உள்ளூர் அமைப்பு ஒன்று உங்களுக்காக நிதியைப் பெற்றுக் கணக்கு வைக்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். அதற்கு அவர்கள் ஒரு சிறு விழுக்காட்டைக் கட்டணமாக எடுத்துக்கொள்வார்கள். விண்ணப்பிக்கும் முன்பே அறக்கட்டளையில் கலைத் திட்டங்களைக் கவனிக்கும் அலுவலருக்குச் சுருக்கமான மின்னஞ்சல் ஒன்றை அனுப்பி, இத்திட்டம் அவர்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுவிடுங்கள்.