ஆக்குபேஷனல் தெரபி படிப்பு: கேள்வி பதில்

கேள்வி: பிசியோதெரபியும் இதுவும் ஒன்றுதானே அக்கா?

பதில்: பெயர்தான் குழப்புகிறது. இங்கே ‘ஆக்குபேஷன்’ என்பது சம்பள வேலை மட்டும் இல்லை. குளிப்பது, எழுதுவது, விளையாடுவது எல்லாம் அதில் சேரும். பக்கவாதம் வந்தவரின் கையில் அசைவும் பலமும் திரும்ப பிசியோ பாடுபடுவார். அந்தக் கையோடு அவர் தானே சட்டை போட்டுக்கொள்ள வழி தேடுவது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்களான நாம். போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். கை முழுசாகத் திரும்பாவிட்டாலும் சட்டை போடலாம்.

கேள்வி: முதல் வருடம் கஷ்டமா?

பதில்: உடற்கூறியல் கஷ்டம்தான். கை நரம்புகளைத் தினமும் வரைந்து பாருங்கள். ரேடியல் நரம்பு அடிபட்டால் மணிக்கட்டு தொங்கிவிடும். பின்னால் அதற்கு ஸ்ப்ளின்ட், அதாவது கையைத் தாங்கிப் பிடிக்கும் கட்டை, செய்யப்போவது நீங்கள்தான். உளவியலையும் ஒதுக்காதீர்கள்.

கேள்வி: பல் துலக்குவதைப் பற்றி மூன்று பக்கம் எழுதச் சொல்கிறார்கள். எதற்கு இது?

பதில்: இந்தப் படிப்பின் உயிரே அதுதான்! மூடியைத் திறக்க இரண்டு கையும் சேர வேண்டும், பேஸ்ட்டை அளவாக அழுத்த வேண்டும், எது முதலில் எது அப்புறம் என்று நினைவு வேண்டும். மறதி நோய் உள்ளவருக்கு வரிசை தப்பும். இன்னொருவருக்குக் கை நடுங்கும். ஒரு குழந்தைக்கு பிரஷ் வாயில் படுவதே பொறுக்காது. மூவரும் பல் துலக்குவதில்லை, ஆனால் முதலாமவருக்குப் பொருட்களை வரிசையாக எடுத்து வைக்க வேண்டும், அடுத்தவர் முழங்கையை ஊன்றிக்கொள்ள வேண்டும், குழந்தையை மெல்லப் பழக்க வேண்டும். வேலை எந்த இடத்தில் தடைபடுகிறது என்று அந்த மூன்று பக்கம்தான் காட்டும்.

கேள்வி: வெளிநாட்டில் வேலை கிடைக்குமா?

பதில்: 1952-இல் தொடங்கிய உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கூட்டமைப்பின் அங்கீகாரம் உங்கள் படிப்புக்கு உண்டா என்று சேரும் முன்பே பாருங்கள். குறைந்தது 1000 மணி நேரக் களப்பயிற்சி அவர்கள் விதி. தெரபிஸ்டாகப் பதிவு செய்துகொள்ளும் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும்.

கேள்வி: நோயாளி திணறினால் ஓடிப்போய் உதவத் தோன்றுகிறதே?

பதில்: எனக்கும் அப்படித்தான். படிக்கும்போது முதல் களப்பயிற்சியில் ஒரு பாட்டி பட்டனோடு போராடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நானே போட்டுவிட்டேன். “அவங்க வேலையை நீ ஏம்மா எடுத்துக்கிட்டே?” என்று மேடம் தனியே கேட்டார். மறுநாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு பட்டனுக்கு வெகு நேரம் ஆனது. போட்டு முடித்ததும் பாட்டி அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.