பூட்டிய வீடுகள்

அன்புள்ள அக்கா,

நான் பி.எஸ்சி. புள்ளியியல் கடைசி வருடம் படிக்கிறேன். நீங்கள் எபிடெமியாலஜி படித்தவர் என்று உங்கள் பழைய கட்டுரை ஒன்றில் பார்த்தேன். எனக்கும் மேற்படிப்புக்கு அதில் சேர ஆசை. அப்பாவோ, "அது டாக்டர்கள் படிக்கிற படிப்பு. நீ போனால் கணக்குப்பிள்ளையாகத்தான் வைத்துக்கொள்வார்கள்" என்கிறார். மாமா அதைத் தோல் டாக்டர் படிப்பு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். மருத்துவம் படிக்காத நான் அங்கே போய் என்ன செய்ய முடியும்? வகுப்பில் அப்படி என்னதான் சொல்லித்தருகிறார்கள்?

க., தென்காசி

அன்புள்ள க.,

மாமாவைக் குறை சொல்லாதீர்கள். நான் சேர்ந்த வருடம் எங்கள் தெருவில் இரண்டு பேர் என்னிடம் படர்தாமரைக்கு மருந்து கேட்டார்கள். தமிழில் சொல்லிவிடலாம் என்றால் அதிலும் சிக்கல். 'தொற்றுநோயியல்' என்று எழுதுகிறார்கள். சர்க்கரை நோயும் சாலை விபத்தும்கூட இந்தப் படிப்புக்குள் வரும்; அவை யாருக்கு யாரிடமிருந்து தொற்றுகின்றன? 'நோய்ப்பரவலியல்' கொஞ்சம் தேவலை. நான் எபிடெமியாலஜி என்றே சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன். எந்த நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று ஆட்களை எண்ணிக் கண்டுபிடிக்கிற படிப்பு, அவ்வளவுதான்.

வகுப்பில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று கேட்டீர்கள். முதல் மாதமே எங்கள் கையில் ஒரு சாப்பாட்டுப் பட்டியலைக் கொடுத்தார்கள். 1940 ஏப்ரல் மாதம், நியூயார்க் மாநிலத்தில் ஆஸ்வீகோ என்ற மாவட்டம். அங்கே ஒரு கிராமத்துச் சர்ச்சில் இரவு விருந்து. சாப்பிட்டுப் போனவர்களுக்கு ராத்திரியே வாந்தியும் பேதியும். 75 பேரை விசாரித்ததில் 46 பேருக்கு உடம்பு சரியில்லை. யார் என்ன சாப்பிட்டார்கள் என்பது ஆளுக்கொரு வரியாக அந்தப் பட்டியலில் இருக்கும்.

நம் ஊர் கல்யாண வீடாக இருந்தால் என்ன செய்வோம்? படுத்திருப்பவர்களை மட்டும் கேட்டுவிட்டு, "கறிதான் கெட்டுப்போயிருக்கும்" என்று சமையல்காரரைப் பிடித்துக்கொள்வோம். அங்கேயும் பன்றிக்கறி இருந்தது. நோயுற்ற 46 பேரில் 29 பேர் அதைச் சாப்பிட்டிருந்தார்கள். பாதிக்கு மேல், பழி போடப் போதுமே! ஆனால் கறியைத் தொடாத 29 பேரிலும் 17 பேர் படுத்துவிட்டார்கள். சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 63, சாப்பிடாதவர்களில் 59. கறி தப்பித்தது. அப்புறம் வெனிலா ஐஸ்கிரீம் வரிசைக்கு வந்தால், சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்கு நோய். சாப்பிடாத 21 பேரில் மூன்றே பேர். சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 80, சாப்பிடாதவர்களில் 14.

கறியைக் காப்பாற்றியவர்களும் ஐஸ்கிரீமைக் காட்டிக்கொடுத்தவர்களும் அதைத் தொடாதவர்கள்தான். ஒன்றும் ஆகாமல் வீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்தவரையும் தேடிப்போய், "நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால்தான் கணக்கு நேராகும். இரண்டு வருடமும் இதைத்தான் வேறு வேறு வேஷத்தில் படித்தேன். ஆட்ஸ் ரேஷியோ, கன்ஃபவுண்டிங், ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் சமாசாரங்கள் எல்லாம் உங்களுக்கு என்னைவிடச் சுலபமாக வரும்.

அப்பா சொன்ன கணக்குப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்று ஓர் ஆங்கிலேயப் புள்ளியியலாளர். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவர். முதல் உலகப் போரில் விமானியாகப் போன இடத்தில் காசநோய் வந்து படுத்துவிட்டார். படிக்க முடிந்தது தபால் வழியில் பொருளாதாரம்தான். அந்தக் கணக்குப்பிள்ளைதான் 1950-இல் ரிச்சர்ட் டால் என்ற டாக்டரோடு சேர்ந்து சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் முடிச்சுப் போட்டார். புற்றுநோய் வந்த ஆண்கள் 649 பேர், ஒப்பிட்டுப் பார்க்க வேறு நோயோடு வந்த ஆண்கள் 649 பேர். புகைக்கும் பழக்கமே இல்லாதவர்கள் முதல் கூட்டத்தில் 2 பேர், இரண்டாவதில் 27 பேர். அந்த ஆய்வு நடக்கும்போதே டால் சிகரெட்டை விட்டுவிட்டார்.

சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய எபிடெமியாலஜி நிறுவனத்தின் கதையையும் அப்பாவிடம் சொல்லுங்கள். 1999-இல் இரண்டு அமைப்புகளை இணைத்து உண்டாக்கியது. ஒன்று தொழுநோய்க் களப்பிரிவு, மற்றது மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனம். இரண்டில் ஒன்று உங்கள் ஆட்களுடையது.

ஆனால் கணக்கு மட்டும் போதாது. களத்தில் நான் செய்த ஒரு கோளாறைச் சொல்கிறேன். ரத்த அழுத்த சர்வே. குலுக்கலில் வந்த வீடுகளுக்குத்தான் போக வேண்டும். நான் காலை பதினோரு மணிக்குப் போவேன், வீடு பூட்டியிருக்கும். வெயில் வேறு. பக்கத்து வீட்டுத் திண்ணையில் பாட்டி இருப்பார், மோர் தருவார். அவருக்கே அளந்து எழுதிக்கொண்டு வந்துவிடுவேன். நாலாம் நாள் என் தாள்களைப் புரட்டிய ஆசிரியர் கேட்டார்: "ஏம்மா, இந்த ஊரில் வேலைக்குப் போகிற ஆம்பளையே கிடையாதா?"

பூட்டிய வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போனேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், ஞாயிற்றுக்கிழமையும். ஒரு வீட்டில் அப்போதுதான் லோடு இறக்கிவிட்டு வந்தவர் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுக் கையை நீட்டினார். மூட்டை தூக்கிய கை; நான் கொண்டுபோன பட்டை சுற்ற எட்டவில்லை. பெரிய பட்டையை எடுத்துவரச் சொல்லிவிட்டு, அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள் அண்ணே என்றேன். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். எழுப்ப மனமில்லாமல் நானும் அவர் மனைவியும் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தோம்.

வேலையைப் பற்றிப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். ஆராய்ச்சி நிறுவனங்களில் பெரும்பாலும் புராஜெக்ட் வேலைதான். ஒப்பந்தம் முடியும் மாதங்களில் வயிற்றைக் கலக்கும். மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவுகளிலும் பணியிடங்கள் உண்டு. சில படிப்புகளில் மருத்துவர்களை மட்டுமே சேர்ப்பார்கள், சிலவற்றில் மற்ற பட்டதாரிகளையும் எடுப்பார்கள். பணம் கட்டுமுன் அறிவிப்பில் தகுதிப் பகுதியைக் கடைசி வரி வரை படியுங்கள்.

அந்த ஆஸ்வீகோ பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது. பிரிண்ட் எடுத்து, அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேனாவால் எண்ணுங்கள். ஐஸ்கிரீம் சாப்பிடாமலே படுத்த அந்த மூன்று பேருக்கு என்ன ஆகியிருக்கும் என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்கிற காரணத்தை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ம.