மூன்று ஸ்ட்ரிங் வாங்கும் அசர்ட் மெத்தடைச் சீரமைப்பது எப்படி?

ஜாவா நிரல்களைச் சோதிக்கும் ஜேயூனிட் கருவியின் 4-ஆம் பதிப்பிலிருந்து 5-க்கு மாறியபின், மூன்று ஸ்ட்ரிங்குகளை (எழுத்துச் சரங்களை) வாங்கும் ‘சரிபார்’ என்ற உங்கள் உதவி மெத்தட் பொருந்தாத காரணம் காட்டித் தோல்வியடைவதாகக் கேட்டிருக்கிறீர்கள்.

குழப்பத்தின் வேர் வாதங்களின் (மெத்தடுக்குக் கொடுக்கும் மதிப்புகளின்) வரிசையில் இருக்கிறது. ஜேயூனிட் 4-இல் இரண்டு மதிப்புகள் சமமா என்று பார்க்கும் அசர்ட்ஈக்குவல்ஸ், முதலில் தோல்வியின்போது காட்டும் செய்தியையும், பிறகு எதிர்பார்த்த மதிப்பையும், கடைசியில் கிடைத்த மதிப்பையும் வாங்கியது; 2017-இல் வந்த ஜேயூனிட் 5 செய்தியைக் கடைசிக்குத் தள்ளியது. மூன்றும் ஸ்ட்ரிங் என்பதால் கம்பைலர் எதையும் கண்டுகொள்ளாமல், செய்தியையே எதிர்பார்த்த மதிப்போடு ஒப்பிடும் நிரலை அனுமதித்துவிடுகிறது. அதுவாவது தோல்வியடைந்து தன்னைக் காட்டிக்கொள்ளும். மதிப்புகள் வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் அசர்ட்நாட்ஈக்குவல்ஸ் அப்படியன்று: செய்தியும் மதிப்பும் எப்போதும் வேறுபடுவதால் அந்தச் சோதனை என்றைக்கும் தேறும், எதையும் காக்காது. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றின் பில் மென்பொருளை வேலூரில் உட்கார்ந்து பராமரித்தபோது, நான் முதலில் தேடிப் பார்த்திருக்க வேண்டியது இதைத்தான்.

பழைய மெத்தடின் வாதங்களை நேரடியாக இடம் மாற்றாதீர்கள். அழைக்கும் இடங்கள் ஓசையின்றிப் பிழைபடும். ‘பில்எண்_சமமாகஇருக்கட்டும்’ என்பதுபோல் நோக்கத்தைச் சொல்லும் புதிய மெத்தடை எழுதி, பழையது சரியான வரிசையில் அதை அழைக்கும்படி செய்து, பழையதற்கு ‘இனிப் பயன்படுத்த வேண்டாம்’ என்னும் டெப்ரிகேட்டட் குறி இடுங்கள். பிறகு நிரல் எழுதும் மென்பொருளான இன்டெலிஜேயின் இன்லைன் வசதியால், அழைக்கும் இடங்களில் புதியதை நேரடியாக வைத்துப் பழையதை நீக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் மூல நிரலை வேண்டுமென்றே கெடுத்து, சோதனை சரியான செய்தியோடு தோல்வியடைகிறதா என்று பாருங்கள்.