பைக்கா பிழைத்திருக்கிறது, அதனால் மலை விலங்குகளுக்கு ஆபத்தில்லையா?

கேள்வி: உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள், பருவநிலை மாற்றம் மலை விலங்குகளை எப்படிப் பாதிக்கிறது என்று ஓர் ஒப்படைப்பு செய்கிறாள். "குளிரில்தான் வாழும் என்ற பைக்கா வெயிலிலும் நன்றாகத்தான் இருக்கிறது, எல்லாம் வீண் பீதி" என்று அவள் சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். எதை நம்புவது?
- ஜூரோங் வாசகி

பதில்: சித்தப்பா அனுப்பியதில் பாதி உண்மை. அதை உங்கள் மகள் தாராளமாக எழுதலாம். அமெரிக்கப் பைக்கா, பாறைக் குவியல்களில் வாழும் முயலின் சின்ன உறவு. வெயில் ஏறினால் குளுமையான பாறை இடுக்குகளுக்குள் இறங்கிவிடும். ஒரிகன் மாநிலத்தில், கடல்மட்டத்தை ஒட்டிய கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில்கூட, பாறையில் படர்ந்த பாசியைத் தின்று பிழைக்கிறது. ஆனால் அதே பைக்கா, அமெரிக்காவின் மேற்கிலுள்ள வறண்ட கிரேட் பேசின் பகுதி மலைகளில் முன்பு பதிவான பல இடங்களில் இப்போது இல்லை. செய்தியில் விடுபட்ட பாதி இது.

ஒரே விலங்கை வைத்து வாதாடினால் எந்தத் தரப்புக்கும் சாட்சி கிடைத்துவிடும். எதிர்த்தரப்பு காட்டும் சாட்சி, கோஸ்டா ரிக்காவின் மலைக்காட்டில் வாழ்ந்த பொன்தேரை என்ற தேரை வகை. அது 1989க்குப் பிறகு கண்ணில் படவில்லை. பழியைப் பருவநிலை மாற்றத்தின் மீது மட்டும் போட முடியாது. பூஞ்சை நோய்க்கும் அதில் பங்கு உண்டு என்கிறார்கள்.

அதனால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அதே மலையில், பல ஆண்டு கழித்து மறுபடி கணக்கெடுத்தார்களா? நமக்குப் பக்கத்திலேயே, சபாவின் கினபாலு மலையில் எடுத்திருக்கிறார்கள். 1965இல் இரவில் விளக்கு வைத்து, வந்து மொய்த்த அந்துப்பூச்சிகளை உயரவாரியாகப் பதிவு செய்தார்கள். 2007இல் அதே இடங்களுக்குத் திரும்பிப் போனார்கள். 102 வகைப் பூச்சிகள் சராசரியாக 67 மீட்டர் மேலே ஏறியிருந்தன. 1964 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா என்பதால், காடழிப்புதான் காரணம் என்று சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

67 மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் மேலே போகப் போக இடம் குறுகும்; 4,095 மீட்டரில் கினபாலுவே முடிந்துவிடும். உச்சியில் ஏற்கெனவே வாழும் உயிர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. எல்லா உயிரும் ஒரே மாதிரி ஏறுவதில்லை என்பதும் உண்மைதான். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் மறுபடி கணக்கெடுத்தபோது, சிறு பாலூட்டிகளில் பாதியளவுதான் மேலே நகர்ந்திருந்தன. அதற்காகப் பாதிப்பே இல்லை என்று ஆகிவிடாது.

சரி, மகள் என்ன செய்யலாம்? பைக்காவையும் கினபாலுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதட்டும். சித்தப்பா அடுத்த செய்தி அனுப்பினால், எந்த மலை, எத்தனை வகை உயிர்கள், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள்.